கோலி விழும் சத்தம்

"சைக்கிளை ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்துப்பா. நீ மணி அடிச்சு வச்சா, எவனோ ரெண்டு ஓட்டுப் போட்டுட்டான்னு சண்டை வரும்," என்று வாக்குச்சாவடி வாசலில் காவலர் மீன்காரரைத் தடுக்கிறார். வரிசை சிரிக்கிறது; அதில் நிற்கும் நியிமா சிரிக்கவில்லை. இங்கே ஓட்டுச்சீட்டு கிடையாது, கோலிதான். உள்ளே தகர உருளையில் ஒவ்வொரு கோலியாக விழ, ஒவ்வொரு ஓட்டுக்கும் மணி ஒருமுறை ஒலிக்கிறது. அவள் கணவன் கேபாவும் அப்படித்தான், சாயங்காலம் தெருமுனை திரும்பும்போது சைக்கிள் மணியை ஒரே ஒருமுறை அடிப்பான். அவள் கை தானாகத் தலைத்துணியைச் சரிசெய்யும். இன்று அந்தக் கையை மறுகையால் இறுகப் பிடித்தபடி நிற்கிறாள். பின்னால் சோலோ குஜாபி நிற்கிறான். கேபாவைக் கொன்று எந்தக் கிணற்றில் போட்டோம் என்று பழைய ஆட்சியின் கொலைகளை விசாரித்த ஆணையத்தின் முன் சொன்னவன். ஊரே அதை வானொலியில் கேட்டது. உண்மையைச் சொன்னதற்காக அவனைத் தண்டிக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "வெயிலா இருக்குக்கா, மாமர நிழலுக்குத் தள்ளி நில்லுங்க. உங்க இடத்தை நான் பாத்துக்கறேன்," என்கிறான், தணிந்த குரலில். அவள் திரும்பவில்லை. அவன் நிழல் அவள் குதிகாலைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. அவள் முறை வருகிறது. தடுப்புக்குப் பின்னால் போய், அதிகாரி கொடுத்த கோலியை உருளையின் குழாயில் போடுகிறாள், மணி ஒலிக்கிறது. "ஆச்சும்மா, அடுத்த ஆள் வரணும்," என்கிறார் அதிகாரி. வெளியே வந்தவள் மறுபடி அந்தக் கையை இறுகப் பிடித்தபடி வாசலிலேயே நிற்கிறாள். விரலில் மை காய்கிறது. சோலோ தடுப்புக்குப் பின்னால் போகிறான். சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மணி, ஒரே ஒருமுறை, அதே மணி. நியிமாவின் கை பிடியிலிருந்து நழுவி, மேலே போய்த் தலைத்துணியைச் சரிசெய்கிறது.