கடைசி வரி

ஒரு கோயில் சுவரில் பழைய கல்வெட்டு ஒன்று இருந்தது. அதன் அடிப்பகுதியில் புதிதாக ஒரு கியூஆர் பலகையைத் திருகி மாட்டினார்கள். யாராவது செல்போனைக் காட்டினால், பலகை கல்வெட்டை வரிவரியாகப் படித்துச் சொல்லும். "இறுதி வரி கிடைக்கவில்லை" என்று வருத்தத்தோடு முடிக்கும்.

ஒருநாள் பலகை கேட்டது: "அந்த வரியை யாருங்க அழிச்சது? எதிரிப் படையா?"

"யாரும் அழிக்கலப்பா. உன் முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கு" என்றது கல்வெட்டு.

பலகைக்கு உடம்பெல்லாம் கூசியது. "என் திருகாணி நாலும் அதுமேலயா இறங்கியிருக்கு?"

"நாலும்தான்."

"என்னங்க எழுதியிருக்கு?"

"'இந்தக் கல்லைக் காப்பவர் பாதம் என் தலைமேல்.'"

பலகை தலைகுனியப் பார்த்தது, திருகாணிகள் விடவில்லை. எதிரே ஒரு செல்போன் நீண்டது. எல்லா வரியையும் படித்துவிட்டு, அதே வருத்தக் குரலில் பலகை சொன்னது: "இறுதி வரி கிடைக்கவில்லை."