ஈரப் பொட்டு

ஒவ்வொரு பாகமாக வாங்கித் தன் கையாலேயே கம்ப்யூட்டரை உருவாக்கிய இளம்பரிதிக்கு, அதில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுவது என்பதில்தான் மனம் நிலைகொள்ளவில்லை. விண்டோஸ் போட்டால் லினக்ஸ் அரித்தது. லினக்ஸில் ஒரு வகையைப் போட்டால், அடுத்த நாளே இன்னொரு வகை கூப்பிட்டது. டிஸ்க்கை மொத்தமாகத் துடைத்துப் புதிதாக ஏற்றி முடித்ததும், மனைவி கோமளவல்லியை அழைத்துக் கம்ப்யூட்டர் கேபினெட்டில் சந்தனப் பொட்டு வைக்கச் சொல்வான்.

"போன தடவை வெச்சதே இன்னும் காயலை," என்பாள் அவள். "நான் இதுல எழுதிட்டிருந்தது என்னாச்சு?"

"இது நல்லா நிக்கும். திரும்ப எழுதிக்கலாம்."

மூன்றாவது முறைக்குப் பிறகு எழுதியதைப் பற்றி அவள் கேட்பதில்லை.

இன்று வேலையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் ஒரு புது லினக்ஸின் பெயர் அவன் தலைக்குள் சுற்றிக்கொண்டே வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசை முன் போய் நின்றான். கேபினெட்டில் பொட்டு ஈரமாக இருந்தது. அவன் வைக்கச் சொல்லவில்லை. திரையில் கோமளவல்லி என்ற பெயர் மட்டும் இருந்தது. அதன் கீழே பாஸ்வேர்ட் கேட்டு ஒரு சின்னக் கோடு துடித்துக்கொண்டிருந்தது.

"எதைப் போட்டே?" என்றான், அடுக்களைப் பக்கம் திரும்பி.

"கைக்குக் கிடைச்சதை," என்றாள். "எழுதினது உள்ளதான் இருக்கு."

அவன் விரல்கள் அந்தப் புது லினக்ஸை ஏற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்த பென் டிரைவைத் தடவின. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. டிஸ்க்கைத் துடைப்பதற்குப் பாஸ்வேர்ட் தேவையில்லை. அது அவளுக்கும் தெரியும்.