பச்சைப் பேனா

கணக்கில் அரியர் வைத்திருந்த கடைசி பெஞ்சில் ஒருவனைத் தவிர எல்லாரும் பாஸ். கணக்கு வாத்தியார் நல்லுசாமிக்கு மத்தியானச் சோறே இறங்கவில்லை. பிட்டு அடிக்காமல் இந்தக் கூட்டம் தேறுமா?

துப்புத் துலக்கக் கிளம்பினார். எல்லாப் பயல் சட்டைப்பையிலும் ஒரே மாதிரி பச்சைப் பேனா. ஒன்றைப் பிடுங்கிக் கழற்றினார். உள்ளே ரீஃபில்தான் இருந்தது.

"உள்ளதைச் சொல்லுங்கடா. இல்லைன்னா பிரின்சிபால்கிட்ட போறேன். அம்புட்டுப் பேர் ரிசல்ட்டும் கேன்சல்."

ஆல்வின் கையைக் கட்டிக்கொண்டான். "ராசிப் பேனா சார். பொம்மையன் பழனியில சாமி காலடியில வச்சு எடுத்தாந்தான்."

"நீ சர்ச்சுக்குப் போறவன்தானடா?"

"அரியருக்கு ஏது சார் மதம்?"

"பேனா தானா எழுதுமாக்கும்?"

"எழுதாது சார். பரீட்சைக்கு முந்தி பழைய கேள்வித்தாள் கணக்கையெல்லாம் போட்டு ரெண்டு ரீஃபிலத் தீர்க்கணும். அப்பத்தான் ராசி வேலை செய்யும்னான். விரலு காய்ச்சுப்போச்சு சார்."

நல்லுசாமி பொம்மையனைத் தனியே கூப்பிட்டார். "நெசமாவே பழனியில வச்சதா?"

"திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில வாங்குனது சார். சும்மா கதை விட்டேன்."

"அப்ப அந்த ரெண்டு ரீஃபில்?"

"பெயிலானா என் சட்டையப் பிடிப்பானுங்களே சார். எவன் அம்புட்டு எழுதப் போறான், அதச் சொல்லித் தப்பிச்சுக்கிரலாம்னு நெனச்சேன். பூராப் பயலும் எழுதிப்புட்டானுங்க."

"ஏலே, உன்கிட்டயும் அதே பேனாதான இருக்கு? நீ மட்டும் ஏன்டா பெயிலு?"

பொம்மையன் தலையைச் சொறிந்தான்.

"அது பெட்டிக்கடைப் பேனான்னு எனக்குத்தான் தெரியுமே சார்."