ஆளில்லாத வீடு

முட்டி வலி தாங்காமல் அவள் உட்கார்ந்த நாற்காலிக்கு எதிரே ஒரு ஹெட்போன் தொங்கியது.

விக், பொய் மழைக்கான குழாய், தெர்மாகோல் பாறை. சினிமா எடுக்கும் விதத்தைக் காட்டும் அந்த அருங்காட்சியகத்தின் மூன்று மாடிகளையும் ஏறி இறங்கியாகிவிட்டது.

கடைசி அறை அவள் கணவருடையது.

ஒலிப்பதிவாளர். ஷூட்டிங் முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, அந்த இடத்தின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வார். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும். யூனிட்டில் அவருக்குப் பெயரே 'உஷ்' அண்ணன். வீட்டிலும் பூனை நடைதான்.

அவர் கொடுத்த டேப்புகளை, அழுத்தினால் கேட்கும் பொத்தான்களாக்கி வரிசையாக வைத்திருந்தார்கள். கோர்ட், ஒரு நிமிடம். பள்ளிக்கூடம், ஒரு நிமிடம்.

"கடைசியா இருக்கறத மட்டும் கேளேன்," என்றார் பக்கத்தில் நின்றிருந்த அவர்.

"உங்க அமைதிய நான் வீட்டுல கேக்காததா?"

சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கடைசிப் பொத்தானில் 'ஆளில்லாத வீடு, பிற்பகல்' என்று எழுதியிருந்தது. அழுத்தினாள்.

மின்விசிறி. சுற்றுக்கு ஒரு முனகல். பிளாஸ்டிக் வாளியில் குழாய் சொட்டும் சத்தம்.

அவர்கள் குடியிருந்த பழைய வாடகை வீடு.

பிறகு, தள்ளி, சமையலறையில் டம்ளர் வைக்கும் சத்தம். வளையல். வாயில் துணியை அடைத்துக்கொண்டு யாரோ அழுவது.

அந்த வீட்டில் அவள் ஒரே ஒரு நாள்தான் அப்படி அழுதாள். ஏழு மாதப் பிள்ளையை வயிற்றிலேயே பறிகொடுத்து, சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வந்து இறங்கிய நாள். இருட்டிய பிறகுதான் அவர் வந்தார். ஷூட்டிங் இழுத்துவிட்டது என்றார்.

முப்பத்திரண்டு வருடமாக எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும், அன்றைக்கு நீங்கள் என்கூட இல்லையே என்பதில்தான் வந்து நிற்கும். அப்போதும் வாயைத் திறக்கமாட்டார்.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள்.

"அன்னிக்கு வீட்டுலயா இருந்தீங்க?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார். "வீடு காலியா இருக்கும்னு நெனச்சுதான் வந்தேன். டேப்ப ஓட விட்டப்புறம்தான் நீ இருக்கறதே தெரிஞ்சுது."

"ஒரு நிமிஷம்தானே? முடிஞ்சதும் உள்ள வந்திருக்கலாமே."

அவர் அந்தப் பொத்தான் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் பொத்தானுக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தைக் கவனித்தாள். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு நிமிடம். இதற்கு மட்டும் பதினொன்று.

மறுபடி மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கடைசி வரை கேட்டாள்.

பதினொரு நிமிடமும் ஒரு காலடிச் சத்தம் இல்லை.

உள்ளே வரவும் இல்லை. வெளியே போகவும் இல்லை.