பச்சைப் பட்டன்

வாசிக்காமல் ஒரு பட்டனை அழுத்திய பாவம் ஜெப்சனின் வாழ்க்கையிலேயே கிடையாது. இதை அவனேதான் சொன்னான். மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் லேபில், தேவாலயத்தில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கப் போகும் பிள்ளையின் முகத்தோடு சொன்னான்.

"உலகம் நாசமாப் போறதே, 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்'னு அழுத்துகவனாலயாக்கும், கேட்டியா?"

சுபிதா தலையைத் தூக்கவில்லை. இறுதியாண்டு ஆய்வில் இருவரும் கூட்டாளிகள். ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களை, அதாவது எழுதியவர் ஊருக்கே இலவசமாகத் திறந்துவிட்டவற்றை, வெளியார் நடத்தும் டவுன்லோடு தளங்கள் எந்த லட்சணத்தில் கொடுக்கின்றன என்று பார்ப்பதுதான் ஆய்வு. பார்த்தது அவள். அவன் பக்கத்து நாற்காலியில் ரசவடை தின்றபடி மேற்பார்வை செய்தான்.

"ஏலே, இந்தத் தளத்தப் பாத்தியா? சும்மா கிடைக்கிற மென்பொருளுக்கு பூட்டு உடைக்கிற 'கிராக்' குடுக்கான்," என்றாள் சுபிதா.

"திறந்து கெடக்க வீட்டுக்குக் கள்ளச்சாவி! பின்னே?"

"எழுதினவன் பேரே இல்ல. 'நூறு சதவீதம் பாதுகாப்பு'ன்னு தனக்குத்தானே முத்திரை வேற குத்திருக்கான். பெருசா மூணு பச்சைப் பட்டன், மூணும் விளம்பரம். நெசமான இணைப்பு அடியில, சாம்பல் கலர்ல, எறும்பு கணக்கா கெடக்கு. பக்கத்துல பொடிக் கட்டம், அதுல அவனே டிக்கும் போட்டு வச்சிருக்கான். வாசிக்காம அழுத்தினா வேண்டாத சவமெல்லாம் உள்ள ஏறிரும்."

ஜெப்சன் விரலை உயர்த்தினான். "இலவசமா எடுக்கலாம் மக்கா, தப்பில்ல. ஆனா செஞ்சவன் பேரை அழிச்சா அது களவு. இதை அப்படியே எழுதிக்கோ."

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

சிறந்த ஆய்வை மேடையேற்றுபவருக்குப் பயிற்சி வேலை தருவதாகத் திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்று அறிவித்தது. ஒரே ஓர் இடம். முதலாண்டிலிருந்தே சுபிதா கண் வைத்திருந்த கம்பெனி. நிகழ்ச்சி நிரல் நோட்டீஸ் பலகைக்கு வந்தபோது, ஆய்வாளர் என்ற இடத்தில் ஜெப்சன் பெயர் மட்டும் இருந்தது.

"ஏட்டி, மேடையில ஒருத்தர்தானே பேச முடியும்?" என்றான். "உனக்கு மைக்கைக் கண்டாலே கை நடுங்கும். நான் சமாளிச்சுக்கிடுகேன்."

சண்டைக்கு வருவாள் என்று நாலைந்து பதில்களைத் தயாராக வைத்திருந்தான். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. அவள் மறுநாள் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"செய்முறை காட்டுறதுக்கு ஒரு போலித் தளம் செஞ்சு வச்சிருக்கேன். எழுத்து பொடிசு. மேடைக்கு முந்தி ஒரு தரம் வாசிச்சிரு."

"எனக்கே வகுப்பெடுக்கியா?"

பாவம், நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டே வாங்கிப் பையில் போட்டான்.

நிகழ்ச்சியன்று அரங்கு நிறைந்திருந்தது. சுபிதா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஜெப்சன் பெரிய திரைக்கு முதுகைக் காட்டி, ஒரு கையை மவுசிலும் ஒரு கையைக் காற்றிலும் வைத்துக்கொண்டு முழங்கினான்.

"வாசிக்காமல் அழுத்துகிறவன், தன் வீட்டுச் சாவியைத் தானே தூக்கிக் கொடுக்கிறவன்!"

போலித் தளம் திறந்தது. பச்சைப் பட்டன் பாதித் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. விஷயத்துக்குச் சீக்கிரம் போகவேண்டுமே! அழுத்தினான். அடுத்து. அடுத்து. ஒப்புக்கொள்கிறேன்.

முன்வரிசைதான் முதலில் சிரித்தது. பிறகு அரங்கமே சிரித்தது. தன் பேச்சு இத்தனை எடுபடும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

கம்பெனியிலிருந்து வந்திருந்த நடுவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "தம்பி, இப்போ அழுத்தினதையெல்லாம் வாசிச்சுத்தானே அழுத்தினீங்க?"

"பின்னே! வாசிக்காம அழுத்துக பழக்கமே எனக்குக் கிடையாது சார்."

"ரொம்ப நல்லது," என்றவர், தாளில் ஒரு பெயரை எழுதிவிட்டு அவனுக்குப் பின்னால் கைகாட்டினார்.

திரும்பினான். திரை நிறையப் பச்சை எழுத்து: "நன்றி, ஜெப்சன்! இந்த ஆய்வு முழுவதும் சுபிதா செய்தது, வேலை அவளுக்கே சேரும், என் பங்கு ரசவடை தின்றது மட்டும் என்ற மூன்று கட்டங்களையும், டிக்கை எடுக்காமல் ஒப்புக்கொண்டதற்கு."