பிடிலைக் கேக்க உடுங்க

யுத்த காலம். மறுநாள் மாரண்டஹள்ளி நாடகத்துக்கு வேண்டிய பாட்டு, கடைசி அடி பிறக்காமல் மாதப்பனிடம் அரைகுறையாகக் கிடந்தது. இருந்தவரைக்கும் ஆர்மோனியத்தில் அவனும் மிருதங்கத்தில் மச்சான் முனிராஜும் வாசித்துக் காட்டினார்கள். களி கிண்டிக்கொண்டிருந்த மனைவி காசியம்மாள் தலையாட்டாத பாட்டை மேடையேற்ற மாதப்பனுக்குத் தைரியம் கிடையாது.

"ஏனுங்க, உங்க பெட்டி இப்படிக் கத்துது? அந்தப் பிடிலைக் கேக்க உடுங்க."

"பிடிலு ஏதுடி இங்க?"

"அடக்கி வாசிச்சுப் பாருங்க."

ரோஷத்தை விழுங்கிக்கொண்டு மாதப்பன் அடக்கி வாசித்தான். பிடில் கேட்டது. அவனைவிட நன்றாகவே வாசித்தது. முனிராஜ் சிரித்துக்கொண்டே தாளத்தை ஏற்றினான். பாட்டு நின்ற இடத்தில் இருவரும் கையை எடுத்துவிட்டார்கள். பிடில் நிற்காமல் கடைசி அடியையும் வாசித்து முடித்தது.

"இப்பச் சரிங்க" என்று தலையாட்டிய காசியம்மாள், மூன்று பேருக்குக் கிண்டிய களியை நாலு உருண்டையாகப் பிடித்து வைத்தாள்.