இலைக் கணக்கு

"ஏனுங்க, அங்க பாருங்க... அந்த ஆளு நம்ம எச்சிலையை எண்ணிக்கிட்டு நிக்கறானுங்க!"

மனைவி சின்னாத்தாள் சொன்னதும் பாலுசாமி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தகரக் கொட்டகை மெஸ் அவர்களுடையது. பெயர்ப் பலகை கிடையாது. பில் கிடையாது. வரியா? பன்னிரண்டு வருஷமாக அந்தப் பேச்சே கிடையாது. மத்தியானம் ஆனால் மில்காரர்களும் கண்டக்டர்களும் இடம் பிடிக்க அடித்துக்கொள்வார்கள்.

எதிரே எஸ்.டி.டி. பூத் நிழலில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். மெஸ் வாசல் குப்பைத் தொட்டியில் சாப்பிட்ட இலை விழ விழ, நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"வரி ஆபீஸ்காரனேதான்! இலையை எண்ணித்தான் யாவாரத்தைக் கண்டுபுடிப்பாங்களாம். வந்தான் பாரு நேரங்கெட்ட நேரத்துல! நம்ம பொண்ணு லோகநாயகிக்குப் பெருந்துறை மாப்பிள்ளை எடம் தெகையற சமயத்துல இது வேறயா?" என்றார் பாலுசாமி.

அவ்வளவுதான். பாலுசாமி வாசலில் நின்று, "சோறு தீர்ந்துபோச்சுங்க" என்று வந்தவர்களைக் கும்பிட்டு அனுப்பினார். உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது! தொட்டியில் கிடந்த இலைகளைப் பின்பக்கமாக அள்ளிச் சாக்கில் திணித்தார். அதன்மேல் சின்னாத்தாளை உட்கார வைத்தார். பாவம், அன்றைக்கென்று நல்ல சேலை கட்டியிருந்தாள்.

வெள்ளைச் சட்டைக்காரர் நேராக உள்ளே வந்தார்.

"யாவாரமெல்லாம் எப்படிங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க! ஒரு நாளைக்கு முப்பது சாப்பாடு ஓடுனாப் பெரிசு. ஊரைச் சுத்திக் கடன். அடுத்த மாசம் இழுத்துச் சாத்திப்போடலாம்னு இருக்கறேன்."

"அப்படீங்களா? தரகர் இருநூறு சாப்பாடுன்னாரே?"

"எந்தத் தரகருங்க?"

"கல்யாணத் தரகர்தானுங்க. எம்பேரு சென்னிமலைங்க. பெருந்துறை மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். கடையை ஒரு எட்டுப் பார்த்துட்டு வரச் சொன்னாங்க. நெலமை இப்படீன்னா... ஊட்டுல யோசிக்கோணுமுங்க."

பாலுசாமி பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ, அத்தனையும் புளுகுங்க! உங்களை வரி ஆபீஸ்காரருன்னு நெனச்சுப்போட்டேன். இருநூறு இல்லீங்க, இருநூத்தம்பது சாப்பாடு! கடன் ஒத்தைப் பைசா கிடையாது. ஏ புள்ளே, எந்திரிச்சுச் சாக்கைக் கொட்டு!"

சின்னாத்தாள் கொட்டினாள். குவியலாக இலை.

"நல்லா எண்ணிப் பாருங்கண்ணா," என்றாள் பெருமையாக.

"அது சரி, வரி கட்டறீங்களா?" என்றார் சென்னிமலை.

"வரியா! பன்னெண்டு வருசமா ஒருத்தன் கண்ணுலயும் சிக்குனதில்லீங்க. அதுக்கெல்லாம் தனிச் சாமர்த்தியம் வேணும்!"

சென்னிமலை விழுந்து விழுந்து சிரித்தார். இலை போடச் சொல்லி உட்கார்ந்தார். ரசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்:

"சோறு அருமைங்க. பொண்ணு எங்க ஊட்டுக்குத்தான். இதுல மாத்தமில்லை."

சின்னாத்தாளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"ஆனா ஒண்ணுங்க. நீங்க மொதல்ல நெனச்சதும் தப்பில்லை. வரி ஆபீசுலதான் எனக்கு வேலை. லீவு எழுதிக் குடுத்துப்போட்டுத்தான் வந்தேன். இன்னைக்கு நான் வெறும் மாமன்."

பாலுசாமி பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அ... அப்ப, சீரு என்ன எதிர்பார்க்கறீங்கன்னு..."

சென்னிமலை செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"நகையும் வேண்டாம், வண்டியும் வேண்டாமுங்க. நிச்சயத் தட்டுல வரி கட்டுன ரசீது ஒண்ணை வெச்சுருங்க. எங்க ஊட்டுக்குச் சீர் அது போதும்."